ஒரு ரகமா, பல ரகமா? ஒயின் லேபிளில் எழுதியிருப்பதும் எழுதாமல் விட்டதும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரங்களில் மாங்கூழ் ஆலைகளோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புடையவர்களுக்கு, ஒயினில் திராட்சை ரகங்களை ஏன் கலக்கிறார்கள் என்பதைப் பாதிக்கு மேல் விளக்க வேண்டியிருக்காது. பெங்களூரா மாம்பழத்தில் கூழ் நிறையக் கிடைக்கும், புளிப்பும் இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் மணத்திலும் நிறத்திலும் அது அல்போன்சாவுக்கு ஈடாகாது. அல்போன்சாவில் மணமும் நிறமும் இருந்தாலும், விலை எட்டாத உயரத்தில் இருக்கும். பானம் தயாரிப்பவர் இரண்டையும் ஒரு விகிதத்தில் சேர்க்கும்போது, ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்புகிறது. அப்படிச் சேர்ப்பதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. பெங்களூராவை மட்டும் நிரப்பிய டப்பாவின் மேல் அல்போன்சா என்று அச்சடித்தால்தான் அது ஏமாற்று வேலை ஆகிறது. ஒயினிலும் கேள்விகள் இந்த இரண்டுதான். எந்த ரகத்தோடு எந்த ரகத்தை, எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பது முதல் கேள்வி. சேர்த்த பிறகு புட்டியின் மேல் எந்தப் பெயரை எழுத உரிமை உண்டு என்பது இரண்டாவது. முன்னது சுவையையும் விளைச்சலையும் பொறுத்தது, பின்னது சட்டத்தைப் பொறுத்தது. புதிதாகப் படிக்க வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான், ஒரே ரகத்தின் பெயர் போட்டிருந்தால் உயர்ந்தது, பல ரகம் சேர்ந்திருந்தால் மட்டமானது என்ற எண்ணம் ஊன்றிவிடுகிறது. அந்த எண்ணம் தவறு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் உணவக மேலாண்மை படித்துவிட்டுப் பெங்களூரு ஓட்டல்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பலர். மது அருந்தாத வீடுகளில் வளர்ந்த அவர்கள், வேலையின் பொருட்டு மட்டுமே ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தோட்டக்கலை படிப்பவர்களுக்கும் திராட்சை பயிரிடுபவர்களுக்கும் இது உதவும். அருந்துவதற்கான பரிந்துரையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விளைபொருளின் பெயரும் உள்ளடக்கமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பற்றிய விளக்கமாகவே படிக்க வேண்டுகிறேன்.

ரகம் என்றால் என்ன

உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி 'விட்டிஸ் வினிஃபெரா' என்ற ஒரே திராட்சை இனத்திலிருந்து வருகிறது. கேபர்னே சோவின்யோன், மெர்லோ, ஷிராஸ், பினோ நுவார், ஷார்டனே, சோவின்யோன் பிளாங் ஆகியவை எல்லாம் அந்த ஓர் இனத்திற்குள் அடங்கும் ரகங்கள். விதை போட்டு முளைத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது என்பதால், மாவில் ஒட்டுக் கட்டுவதைப் போல, திராட்சையிலும் தண்டைக் கொண்டே ரகத்தைப் பெருக்குகிறார்கள். ஆகவே ஒரு ரகத்தின் கொடிகள் உலகில் எங்கு இருந்தாலும், சிறு மாறுதல்களைத் தவிர்த்தால், ஒரே செடியின் நீட்சிதான்.

ரகங்கள் எதில் எல்லாம் வேறுபடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் கலவையின் காரணம் தானாக விளங்கும். பெரும்பாலான திராட்சைகளில், கருந்திராட்சை உட்பட, பிழிந்த சாறு ஏறக்குறைய நிறமற்றது. நிறம் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுவதால், நிறமும், டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளும் சாற்றில் இறங்குகின்றன. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுகிறார்கள். தோல் தடித்ததா மெல்லியதா, காய் சிறியதா பெரியதா, எந்த வாரத்தில் பழுக்கிறது, பழுத்த பிறகும் புளிப்பு நிற்கிறதா, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு ரகத்துக்கு ரகம் மாறும். எல்லாக் கணக்கிலும் சரியாக அமைந்த ரகம் அரிது.

நமக்கு அருகில் உள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாப்பூர் பக்கங்களில் விளையும் 'பெங்களூர் புளூ' திராட்சை ஓசூர்ச் சந்தைக்கு வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கருநீல நிறம், மேலே வெண்மையாகப் படிந்த மெழுகுப் பூச்சு. ஒரு பழத்தை விரல்களுக்கிடையே அழுத்தினால், தோல் கையோடு நிற்க, உள்ளிருக்கும் சதை வழுவழுப்பான உருண்டையாக நழுவி வெளியே வந்துவிடும். விதையோ அந்தச் சதையை விட்டு எளிதில் பிரியாது. மூக்கருகில் கொண்டுபோனால் திராட்சை மிட்டாயிலும் திராட்சைக் குளிர்பானத்திலும் வரும் அதே கனத்த மணம். இந்த அடையாளங்கள் எல்லாம் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட 'விட்டிஸ் லாப்ருஸ்கா' இனத்தின் வழி வந்தவை. 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகம் சாறுக்கும் ஜாமுக்கும் இனிப்பு ஒயினுக்கும் ஏற்றது. ஆனால் அதன் மணம் அத்தனை அழுத்தமானது என்பதால், மெல்லிய மணமுள்ள ஒரு வினிஃபெரா ஒயினில் சிறிது சேர்த்தாலும் மற்றதை அமுக்கிவிடும். கலவையில் அளவைவிடக் குணம் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

போர்தோ காட்டும் காரணங்கள்

கலவையைப் புரிந்துகொள்ளப் பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ பகுதியைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். அங்கே சிவப்பு ஒயினுக்கு முதன்மையான ரகங்கள் கேபர்னே சோவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃபிராங் ஆகிய மூன்று. துணைக்குப் பெத்தி வெர்தோ, மால்பெக், கார்மெனேர். பயிரிடும் பரப்பில் முதலிடம் மெர்லோவுக்கே.

கேபர்னே சோவின்யோனின் காய் சிறியது, தோல் தடித்தது. சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம் என்பதால், ஒயினில் நிறமும் துவர்ப்பும் கூடும். பல ஆண்டுகள் வைத்திருக்கவும் தாங்கும். ஆனால் இளமையில் அந்தத் துவர்ப்பு நாவை இறுக்கும், வாயின் நடுப்பகுதி வெறுமையாக இருப்பதுபோலத் தோன்றும். மெர்லோவின் ஒயின் மென்மையானது, சதைப்பற்று மிக்கது, சற்றுக் கூடுதலான ஆல்கஹால் உடையது. அந்த வெறுமையை அது நிரப்புகிறது. கேபர்னே ஃபிராங் மணம் தருகிறது. பெத்தி வெர்தோ மிகத் தாமதமாகப் பழுப்பது. பழுத்துவிட்டால் அடர்ந்த நிறமும் காரசாரமான மணமும் கொடுக்கும், பழுக்காவிட்டால் பச்சை வாடை அடிக்கும். அதனால்தான் அதை நூற்றுக்கு மூன்று, ஐந்து என்ற அளவிலேயே பெரும்பாலும் சேர்க்கிறார்கள்.

சுவையைச் சொன்னேன், விவசாயியின் கண்ணோட்டத்தில் இதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. போர்தோ அட்லாண்டிக் கடலை ஒட்டிய பகுதி. வசந்தத்தில் உறைபனி விழலாம், பூக்கும் நேரத்தில் மழை பெய்யலாம், அறுவடைக்கு முன் அடைமழை பிடிக்கலாம். மெர்லோ முன்னதாகத் துளிர்த்து முன்னதாகப் பழுக்கும். கேபர்னே சோவின்யோன் பின்னதாகத் துளிர்த்துப் பின்னதாகப் பழுக்கும். ஏப்ரலில் உறைபனி வந்தால் முதலில் அடிபடுவது மெர்லோவின் இளந்துளிர். 2017 ஏப்ரல் இறுதியில் அப்படி ஒரு பனி அப்பகுதித் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அறுவடைக் காலத்தின் பிற்பகுதியில் மழை வந்தாலோ, மெர்லோ ஏற்கெனவே தொட்டிக்குள் போயிருக்கும், கேபர்னே மட்டும் நனையும். நீலத்தையும் செந்தூராவையும் பெங்களூராவையும் ஒரே தோப்பில் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பல ரகங்களை நட்டு, ஒவ்வோர் ஆண்டும் கிடைத்ததை வைத்து விகிதத்தை மாற்றிக்கொள்வது அங்கே பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. மண்ணும் இதற்குத் துணை செய்கிறது: ஆற்றின் இடக்கரையில் சூட்டைப் பிடித்துவைக்கும் சரளை மண்ணில் கேபர்னேவும், வலக்கரையில் குளிர்ந்த களிமண்ணில் மெர்லோவும் மேலோங்குகின்றன.

பருவநிலை மாறிவரும்போது இந்தக் கலவையும் மாறுகிறது. வெப்பம் கூடக் கூட மெர்லோ மிக விரைவாகப் பழுத்து, சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடுகிறது. ஆகவே 2021-இல் போர்தோ, போர்தோ சுப்பீரியர் ஆகிய இரு பெயர்களின் விதிகளில் புதிதாக ஆறு ரகங்களுக்கு இடம் கொடுத்தார்கள். போர்த்துகல் நாட்டின் தூரிகா நாசியோனலும் அவற்றில் ஒன்று. தோட்டப் பரப்பில் 5 சதவீதத்தையும், இறுதிக் கலவையில் 10 சதவீதத்தையும் அவை தாண்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. மரபைக் காப்பாற்றிக்கொண்டே காலத்துக்கு இடம் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

மேசையின் மேல் நடப்பது

கலவை எப்போது செய்யப்படுகிறது என்பதில் மூன்று வழக்கங்கள் உள்ளன. தோட்டத்திலேயே பல ரகங்களைக் கலந்து நட்டு ஒன்றாகப் பறித்து ஒன்றாகப் பிழிவது பழைய முறை. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் 'கெமிஷ்டர் சாட்ஸ்' ஒயின் இன்றும் அப்படித்தான் தயாராகிறது. குறைந்தது மூன்று வெள்ளை ரகங்கள் இருக்க வேண்டும், எதுவும் பாதியைத் தாண்டக் கூடாது என்று அதற்கு விதியே உண்டு. இரண்டாவது, பறித்த பிறகு ஒரே தொட்டியில் சேர்த்து நொதிக்க விடுவது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் உள்ள கோத் ரோத்தி என்னும் இடத்தில், கறுப்பு ரகமான சிராவோடு (ஷிராஸின் பிரெஞ்சுப் பெயர்) வெள்ளை ரகமான வியோனியேவை 20 சதவீதம் வரை சேர்த்து நொதிக்க அனுமதி உண்டு, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே சேர்ப்பார்கள். வெள்ளைத் திராட்சையைச் சேர்த்தால் நிறம் வெளுக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வியோனியேவின் தோலில் உள்ள சில பொருள்கள் சிராவின் நிறமிகளோடு பிணைந்து அவற்றை நிலைநிறுத்துவதால், சிறிய அளவில் சேர்க்கும்போது நிறம் உறுதிப்படவே செய்கிறது.

மூன்றாவதும் மிகப் பரவலானதுமான வழக்கம், ஒவ்வொரு ரகத்தையும், சில சமயம் ஒவ்வொரு வயலையும், தனித்தனித் தொட்டியில் நொதித்து முடித்துவிட்டுப் பிறகு சேர்ப்பது. இதற்கு முன்னோட்டம் ஆய்வக மேசையில் நடக்கிறது. வரிசையாகச் சிறு புட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் தொட்டி எண் எழுதிய ஒட்டுத்தாள், நூறு மில்லிலிட்டர் அளவுக் குவளை, ஒரு பிப்பெட், துப்புவதற்கு ஒரு பாத்திரம், பக்கத்தில் ஒரு நோட்டு. முதல் கண்ணாடிக் குவளையில் கேபர்னே 70, மெர்லோ 30. அடுத்ததில் மெர்லோவை 25 ஆக்கிப் பெத்தி வெர்தோ 5. அதற்கடுத்ததில் பெத்தி வெர்தோவை 3 ஆகக் குறைத்துக் கேபர்னே ஃபிராங் 2. எந்தக் குவளையில் எது என்று தெரியாதபடி வரிசையை மாற்றி வைத்து, நாலைந்து பேர் சுவைத்துக் குறிப்பெழுதுகிறார்கள். மேசையில் இரண்டு மில்லிலிட்டர் என்பது பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் இருநூறு லிட்டர். கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. எனவே ஆல்கஹால், புளிப்பு, பி.எச். ஆகியவற்றையும் அளந்து பார்த்து, சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் சுவைத்த பின்புதான் தொட்டிகளைத் திறப்பார்கள்.

இங்கே தொடக்க நிலையில் உள்ளவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நல்ல தொட்டிகள் இரண்டைச் சேர்த்தால் நல்ல கலவை வந்தே தீரும் என்று இல்லை. தனியாகச் சுவைக்கும்போது ஓரம் கூராக இருக்கும் தொட்டிதான் கலவைக்கு முதுகெலும்பாக அமைவதும் உண்டு. மற்றொன்று, கெட்டுப்போன ஒயினைக் கலவை காப்பாற்றாது. காடி வாடை ஏறிய ஒரு தொட்டியை நல்லதில் ஊற்றினால் நல்லதும் சேர்ந்து கெடும். குறையை மறைக்கவே கலக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் தொழிலின் இந்த அடிப்படையை அறியாதவர்கள்.

ஒரே ரகத்தின் பெயரைத் தாங்கிய ஒயினிலும்கூட கலவை இருக்கிறது. மேட்டு வயலின் தொட்டியும் பள்ளத்து வயலின் தொட்டியும், புதிய ஓக் பீப்பாயில் இருந்ததும் பழைய பீப்பாயில் இருந்ததும் கடைசியில் ஒன்றாகத்தான் புட்டிக்குப் போகின்றன. ஷாம்பெயினில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஷார்டனே, பினோ நுவார், மெனியே என்ற ரகங்களோடு, முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒயினையும் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புட்டியில் ஆண்டு அச்சிடப்படாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் முழுவதும் அந்த ஆண்டின் அறுவடையாகவே இருக்க வேண்டும்.

லேபிளின் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி. புட்டியில் 'கேபர்னே சோவின்யோன்' என்று ஒரே ஒரு ரகத்தின் பெயர் இருந்தால், உள்ளே இருப்பது முழுவதும் அதுதானா? பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குறைந்தபட்சம் 85 சதவீதம் அந்த ரகம் இருந்தால் போதும். அமெரிக்காவில் 75 சதவீதம் போதும். 1983-க்கு முன்னர் அது 51 சதவீதமாகத்தான் இருந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே ஆரிகன் மாநிலம், பினோ நுவார் உள்ளிட்ட பெரும்பாலான ரகங்களுக்கு 90 சதவீதம் என்று தனக்கென ஒரு கடுமையான விதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

சதவீதத்தை மில்லிலிட்டராக மாற்றிப் பார்த்தால் அதன் எடை தெரியும். 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில், 85 சதவீத விதியின்படி, பெயர் சொல்லாத வேறு ரகம் 112 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் இருக்கலாம். 75 சதவீத விதியின்படி 187 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கலாம். அது ஒரு முழுக் கோப்பைக்கும் அதிகம். நூறு சதவீதம் என்றே விதித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தோட்டத்தில் வேறு ரகக் கொடிகள் ஒன்றிரண்டு ஊடே நிற்பது உண்டு. பீப்பாயில் ஆவியாகிக் குறைந்ததை வேறு தொட்டியிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டியிருக்கும். முன்னர் சொன்ன மேசைக் கணக்கின்படி மூன்று, ஐந்து சதவீதம் சேர்த்துச் சுவையைச் சீராக்கவும் இடம் வேண்டும். இவற்றுக்கு 15 சதவீதம் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. நான்கில் ஒரு பங்கைப் பெயர் சொல்லாமல் வைத்திருக்க அனுமதிப்பது, வாங்குபவருக்குச் சேர வேண்டிய செய்தியைக் குறைத்துவிடுகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் பின்பக்க லேபிளில் முழு விகிதத்தையும் அச்சிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பாராட்டத்தக்க பழக்கம் அது.

இரண்டு ரகங்களின் பெயர்கள் இருந்தால் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 'ஷிராஸ் கேபர்னே' என்றால் ஷிராஸ் அதிகம், 'கேபர்னே ஷிராஸ்' என்றால் கேபர்னே அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதிகம் உள்ளது முன்னால் வரும். அதோடு, பெயர் சொன்ன ரகங்களைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்களைப் பெயராக வைத்தால் ஒவ்வொன்றின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும். அறுவடை ஆண்டுக்கும் இத்தகைய கணக்கு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதம், அமெரிக்காவில் அரசு ஏற்ற திராட்சை மண்டலத்தின் பெயரைத் தாங்கிய ஒயினுக்கு 95 சதவீதம்.

இந்த விதிகளால் எதிர்பாராத விளைவும் ஏற்பட்டது. கலிஃபோர்னியாவில் கேபர்னே 60, மெர்லோ 25, கேபர்னே ஃபிராங் 15 என்று போர்தோ முறையில் மிகக் கவனமாகக் கலந்த ஒருவர், 75 சதவீதத்தை எட்டாததால் அதைக் கேபர்னே என்று விற்க முடியாது. வெறும் 'சிவப்பு மேசை ஒயின்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. மலிவான ஒயினுக்கும் அதே பெயர்தான். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1988-இல் சில தயாரிப்பாளர்கள் கூடி, போர்தோ ரகங்களை மட்டுமே கொண்ட கலவைகளுக்கு 'மெரிட்டேஜ்' என்ற பொதுப் பெயரை உருவாக்கினார்கள். சிறந்த கலவைக்கு மரியாதையான பெயர் கிடைக்காமல் போனதற்குக் காரணம் தரக்குறைவு இல்லை, சதவீதக் கணக்குத்தான் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஊர்ப் பெயரும் ரகப் பெயரும்

பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் பழைய ஒயின்களில் ரகத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஊரின் பெயர் இருக்கும். பிரான்சில் 1935 முதல் நடைமுறையில் உள்ள சட்ட ஏற்பாட்டின்படி, ஓர் ஊரின் பெயரைப் பயன்படுத்த வேண்டுமானால் எந்த ரகங்களைப் பயிரிடலாம், எவ்வளவு விளைவிக்கலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். ஆகவே ஷாப்லி என்றால் ஷார்டனே மட்டும். இத்தாலியின் பரோலோ என்றால் நெபியோலோ மட்டும். கியாந்தி கிளாசிக்கோ என்றால் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே. கியாந்தி கிளாசிக்கோவில் முன்பு வெள்ளைத் திராட்சையும் சேர்த்துவந்தார்கள். 2006 அறுவடை முதல் அதற்குத் தடை. ரோன் பகுதியின் ஷாத்தோநெஃப் து பாப்பிலோ, 13 ரகங்கள் வரை சேர்க்க மரபு இடம் தருகிறது. ஊர்ப் பெயரை வைத்து ரகத்தை அறிவது, பழகியவர்களுக்கு எளிது. பழகாதவர்களுக்கு அது திறவாத கதவு.

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு, எந்தத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயினையும் 'பர்கண்டி' என்றும், எந்த வெள்ளை ஒயினையும் 'ஷாப்லி' என்றும் பெயரிட்டு விற்றார்கள். இறக்குமதி வணிகரும் எழுத்தாளருமான ஃபிராங்க் ஷூன்மேக்கர் போன்றவர்கள், பிரெஞ்சு ஊர்களின் பெயரைக் கடன் வாங்குவதை விட்டுத் திராட்சையின் பெயரையே போடுங்கள் என்று வலியுறுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் அது வேரூன்றி, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இன்று கடைகளில் ரகப் பெயரையே முதலில் காண்பதற்கு அதுவே தொடக்கம். வாங்குபவருக்குத் தெளிவு தந்த நல்ல மாற்றம்தான் அது. ஆனால் அதன் பக்கவிளைவாகவே, பெயர் ஒன்றாக இருந்தால் உயர்வு என்ற எண்ணமும் வளர்ந்தது.

ரகப் பெயர் நம்பகமானதாக இருக்க, முதலில் தோட்டத்தில் நிற்பது எந்த ரகம் என்று சரியாகத் தெரிய வேண்டும். சிலியில் மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகளில் பெரும் பகுதி உண்மையில் கார்மெனேர் என்பதை, 1994-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் மிஷெல் பூர்சிகோ கண்டறிந்தார். ஆஸ்திரேலியாவில் ஸ்பானிய அல்பரீனோ என்று நட்டவை சாவன்யா என்ற வேறு ரகம் என்பது 2009-இல் வெளிப்பட்டது. இரண்டிலும் எவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததில்லை. நாற்றங்காலிலேயே பெயர் மாறிப்போயிருந்தது. சந்தூர் நாற்றங்கால்களில் ஒட்டுக்கன்று வாங்கி, காய்ப்புக்கு வந்த பிறகே எந்த ரகம் என்று அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மரபணுச் சோதனை இப்போது இந்த ஐயத்தைத் தீர்க்கிறது. அதே முறையைக் கொண்டுதான் 1997-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேபர்னே சோவின்யோன் என்பது கேபர்னே ஃபிராங்கும் சோவின்யோன் பிளாங்கும் இயற்கையாகக் கலந்து பிறந்தது என்று நிறுவினார்கள். அதாவது, தனி ரகங்களுக்குள் மிகப் புகழ்பெற்றதே ஒரு கறுப்புத் திராட்சைக்கும் ஒரு வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த கலப்பு.

நம் நாட்டில்

இந்தியாவில் ஒயின் திராட்சைக்கு நாசிக்கும், கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரமும் முதன்மையான இடங்கள். நம் மாவட்ட எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தொட்டபள்ளாப்பூரில் 1980-களின் இறுதியில் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் 'லா ரிசர்வ்' ஒயின், கேபர்னே சோவின்யோனும் ஷிராஸும் சேர்ந்த கலவைக்கு நம் நாட்டின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. நம் தட்பவெப்பத்தில் கொடி குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரையிலான காலத்தில் பறிக்கிறார்கள். பழுக்கும் வேளையில் வெயில் ஏறிக்கொண்டே போவதால், சர்க்கரை விரைவாகக் கூடிப் புளிப்பு இறங்கிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு. புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் ரகத்தையோ, சில நாள் முன்னதாகப் பறித்த தொட்டியையோ சேர்ப்பது இந்தக் குறையை ஈடுகட்டும் வழிகளில் ஒன்று. உறைபனிக்கு அஞ்சிப் போர்தோக்காரர்கள் செய்ததை, வெயிலுக்கு அஞ்சி நாம் செய்கிறோம்.

லேபிளைப் பொறுத்தவரை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபானங்களுக்கான விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒயின் புட்டியைக் கையில் எடுப்பவர் முன்பக்கத்துப் பெரிய எழுத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்: திராட்சை ரகங்கள் எந்த வரிசையில் வருகின்றன, எங்கே விளைந்தது, எந்த ஆண்டின் அறுவடை, இனிப்பு எந்த அளவில் உள்ளது என்பனவே அங்கே தேட வேண்டியவை. ரகப் பெயர் ஒன்றுமே இல்லாமல் 'சிவப்பு ஒயின்' என்று மட்டும் இருந்தால், அது மட்டம் என்று முடிவு கட்டாமல், தயாரிப்பாளர் என்ன விவரம் தருகிறார் என்று பார்ப்பதே முறை.

கடைசியாக, இந்தச் சதவீதங்களை யார் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. சுவைத்துப் பார்த்து 85 என்றோ 80 என்றோ சொல்ல எவராலும் முடியாது. நொதித்து, வடிகட்டி, பீப்பாயில் கிடந்த ஒயினில் மரபணு சிதைந்து போயிருக்கும் என்பதால், கொடியில் எளிதாகச் செய்யும் சோதனை புட்டியில் எளிதாக இருப்பதில்லை. சில ரகங்களுக்கு வேதியியல் கைகொடுக்கிறது: பெரும்பாலான கறுப்பு ரகங்களில் இருக்கும் ஒருவகை நிறமிகள் பினோ நுவாரின் தோலில் கிடையாது, பினோ நுவார் என்று விற்கும் இளம் ஒயினில் அவை தென்பட்டால், வேறு ரகம் சேர்ந்திருப்பது உறுதி. மற்றபடி நம்பியிருப்பது பதிவேடுகளைத்தான். எந்த வயலிலிருந்து எத்தனை டன் வந்தது, எந்தத் தொட்டிக்குப் போனது, எந்தத் தொட்டியோடு எத்தனை லிட்டர் சேர்ந்தது, எத்தனை புட்டி வெளியே போனது என்பதை ஆலைகள் எழுதிவைக்க வேண்டும். அதிகாரிகள் அதைக் கூட்டிப் பார்க்கிறார்கள். தென் பிரான்சின் லாங்தோக் பகுதியில், மெர்லோவையும் சிராவையும் பினோ நுவார் என்று சொல்லி அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களுக்கு 2010-இல் கார்கசோன் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது எவருடைய நாவும் அல்ல, கணக்குப் புத்தகம்: அப்பகுதித் தோட்டங்களில் விளைந்ததைவிட மிகுதியான பினோ நுவார் அவர்கள் விற்பனையில் இருந்தது.